பெயிண்டின் மேல் ஒட்டியது

மகளின் அப்பாவுக்கு,

நம் பாய்வள்ளத்தின் வெடிப்பை அடைத்துவிட்டுத்தான் போகிறேன் என்றீர்கள். நம்பினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மகளை ஏற்றிக்கொண்டு கொட்டியாரக்குடாவில் பாய் விரித்தேன். பாதி வழியில், “அம்மா, அப்பா ஒட்டினது கழண்டு வருது!” என்று அலறினாள். சோற்றுச் சட்டியால் தண்ணீர் இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தோம். அவளுக்கு நீந்தத் தெரியாது என்பதாவது நினைவிருக்கிறதா?

பழைய பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே பைபர் துணியைப் பசை தடவி ஒட்டினால் பிடிக்குமா? அதற்கு மேல் நீலம் பூசி மினுக்கல் வேறு! எங்களை விட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போக அவ்வளவு அவசரமா?

முழுவதையும் நானே சுரண்டி, காயவைத்து, புதிதாக ஒட்டினேன். முன்பக்கத்தில் நீங்கள் எழுதிய என் பெயரும் பெயிண்டோடு போய்விட்டது. அதைத் திரும்ப எழுத வரவேண்டாம். பெயரில்லாமலே வள்ளம் ஒழுகாமல் ஓடுகிறது.

மகளின் அம்மா