போதும் என்ற அட்டை

கவரைப்பேட்டை,
18 நவம்பர், செவ்வாய்.

அன்புள்ள ஸ்நேகாவுக்கு,

உன் வீட்டுக்காரன் இம்மானுவேல் எழுதுவது. நான் சுகம். நம் வீடும் சுகம், சமையலறையைத் தவிர. பள்ளிப்பட்டில் நீயும் அக்காவும் மாமாவும் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டுதான் ஷிப்டுக்குக் கிளம்புகிறேன்.

உறையைப் பிரித்ததும் முறைக்காதே. போனில் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தால் வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் மூன்று வாரமாக மழையைப் பற்றியும் மாமாவின் மாந்தோப்பைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கடிதத்தில் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால், நிச்சயம் முடிந்த பிறகு, உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் ஏழு எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினாய். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டவன் இல்லை. இதிலும் பிழை இருக்கும். சுழித்துக்கொள்.

முதலில் அந்தக் கவர் விஷயம். நீ எழுதிக் கொடுத்த ராஜினாமாக் கடிதம் என் பைபிளுக்குள் மடங்காமல் இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதிவரை பாருங்கள், நான் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆபீஸில் கொடுத்துவிடுங்கள் என்றாய். அப்படியே செய்வேன். உன் மனசை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு செய்தி இருக்கிறது. அதைப் போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். மாமா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். பள்ளிப்பட்டு பூராவும் கேட்கும்.

நீ சொன்னபடி பீரோ சாவி, மணி கோக்கும் டப்பா, ஆறு பள்ளியின் ரிஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் உன் பையில் போட்டு பள்ளிக்கூட வளாகத்தில் இருக்கும் உன் சிறப்புப் பிள்ளைகள் மையத்தில் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். மதிய ஷிப்ட் என்பதால் காலை சும்மாதான் இருந்தேன். வாசலிலேயே சின்னப்பொண்ணு என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆயா உனக்குச் செல்லம், எனக்கு அன்றுதான் பழக்கம். "சார், கம்பெனியில ஃபிட்டருன்னு டீச்சர் சொல்லிக்கினு இருப்பாங்க. இந்த ஊஞ்சல் கொக்கியை இன்னான்னு பாருங்க, எப்போ கயண்டு வுயுமோன்னு பேஜாரா கீது" என்றாள். பார்த்தேன். கொக்கி பாதி தேய்ந்திருந்தது. மறுநாள் ஸ்பானரோடு போனேன். அதற்கு மறுநாள் சாய்தளக் கைப்பிடி. அப்புறம் பாத்ரூம் தாழ்ப்பாள். இப்படியே பத்து நாள் ஆகிவிட்டது. பிள்ளைகள் எனக்கு ஊஞ்சல் சார் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேச வருகிற பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுகிறார்கள், வராத பிள்ளைகள் என் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஜெரால்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கவரைப்பேட்டை ஸ்டேஷன் அறிவிப்பு முழுவதும் அவனுக்கு மனப்பாடம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது தினமும் காலை பிரேயர் முடிந்ததும் மூக்கை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, பள்ளிப்பட்டிலிருந்து வரவேண்டிய ஸ்நேகா டீச்சர் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்" என்கிறான். எவ்வளவு நேரம் லேட்டு என்று கேட்டேன். அறிவிப்பில் அது இல்லையாம். பள்ளிப்பட்டுக்கு ரயிலே கிடையாது என்று நானும் அவனிடம் சொல்லவில்லை.

உன் வேலையையும் இந்தப் பத்து நாளில்தான் பார்த்தேன். பதினான்கு பிள்ளைகள். ஒன்றைத் தூக்கி பாத்ரூமில் உட்காரவைத்தால் இன்னொன்று கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போகிறது. ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டவே முக்கால் மணி நேரம். அதற்கு நடுவே, ஊட்டுகிற போட்டோவை உடனே ஏற்றுங்கள் என்று போனில் மெசேஜ். ஊட்டுவதா, போட்டோ எடுப்பதா? உனக்குப் பதிலாக வாரம் இரண்டு நாள் பக்கத்து வட்டாரத்திலிருந்து ஒரு டீச்சர் வருகிறார். பாவம், அந்தப் பெண் தன் பள்ளிகளையும் உன் பள்ளிகளையும் சேர்த்து ஓட்டுகிறது. நின்றுகொண்டே சாப்பிடுகிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். மையம் முடிந்ததும் மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், வீட்டோடு கிடக்கும் பிள்ளைகளுக்குக் கைகால் நீவிவிட்டு, ராத்திரி பத்து மணிவரை அம்மாக்களின் போனுக்கெல்லாம் பதில் சொல்லி, எட்டு வருஷம் எப்படி ஓட்டினாய்?

எங்கள் ரோலிங் மில்லில் மாசம் ஒரு நாள் ஷட்டவுன். நிறுத்தி, கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டுத்தான் மறுபடி ஓட்டுவோம். பேரிங் தேய்ந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன், சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார். வீட்டில் மட்டும் எனக்கு அந்தக் காது இல்லாமல் போய்விட்டது.

சரி, செய்திக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தச் சிவப்பு அட்டையைப் பற்றி எழுதவேண்டும். உனக்குத் தெரியாதது இல்லை, ஆனால் எனக்கு அது இப்போதுதான் புரிந்தது. சுவரில் வரிசையாக ஆணி. தண்ணீர் அட்டை, பாத்ரூம் அட்டை, ஊஞ்சல் அட்டை, கடைசியில் சிவப்பில் உள்ளங்கைப் படம் போட்ட போதும் அட்டை. பேச்சு வராத பிள்ளைகள் அதை எடுத்துக் காட்டவேண்டும். போதும் அட்டையை எடுத்த பிள்ளை மூலையில் இருக்கும் பாயில் போய் உட்காரலாம். யாரும் கூப்பிடக் கூடாது. தெளிந்த பிறகு அந்தப் பிள்ளையே அட்டையைத் திரும்ப மாட்டவேண்டும், வேறு ஒருவரும் மாட்டக் கூடாது. இந்தச் சட்டத்தைச் சின்னப்பொண்ணு எனக்கு மூன்று தடவை ஒப்பித்துக் காட்டினாள்.

ஒன்பது வயசு இளமதிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நீ மூன்று வருஷம் பொரி வாங்கியது எனக்குத் தெரியும். ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுக்கொண்டே இருப்பாய், அவள் அட்டையைக் கொடுத்ததும் நிறுத்துவாய். வகுப்பில் கற்றுக்கொண்டாள். வீட்டில்தான் நடக்கவில்லை. நம் பக்கத்தில் போதும் என்றால் யார் நிறுத்துகிறார்கள்? இன்னும் ஒரு கரண்டி போட்டால்தான் மரியாதை. அவள் அம்மா காயத்ரியும் அப்படித்தான் போட்டுக்கொண்டே இருந்தாள். நீ அவர்கள் வீட்டுக்கே போய், குழந்தை மரியாதைக்குச் சொல்லவில்லை, போதும் என்றால் போதும்தான் என்று தட்டுக்குக் குறுக்கே கையை வைத்துச் சண்டை போட்டாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். நான் தலையாட்டிக்கொண்டே உனக்கு ரசம் ஊற்றினேன், நீ வேண்டாம் என்ற பிறகும்.

அக்டோபரில் அந்த வியாழக்கிழமை, நீ மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தபோது, அந்த அட்டையைக் கொண்டுவந்து உன் மடியில் வைத்தவளும் இளமதிதான். அன்று சாயங்காலம் செருப்பை ஃபிரிட்ஜிலும் தயிரை ஷூ ஸ்டாண்டிலும் வைத்தாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஹேண்ட்பேக்கிலிருந்து அட்டையை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு அழுதாய். டாக்டர் ஓய்வு என்றார், நீ பள்ளிப்பட்டுக்குப் போனாய். அட்டை இன்னமும் உன் ஹேண்ட்பேக்கில்தான் இருக்கிறது. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி.

நேற்று திங்கட்கிழமை. வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடும் நேரம். வரவேண்டிய டீச்சர் வரவில்லை. "இன்னா சார், சும்மா குந்திக்கினு கீறீங்க? நீங்கதான் ஒரு பாட்டு பாடுங்களேன்" என்றாள் சின்னப்பொண்ணு. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கியிருக்கிறது இல்லையா, நானும் சபையில் கற்றுக்கொண்டதை எடுத்துவிட்டேன். என் குரலைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. முதல் சரணத்தில் ஜெரால்ட் ஜன்னலோரம் போய்விட்டான். இரண்டாவதில் இளமதி காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். நேராகச் சுவருக்குப் போனாள். கடைசி ஆணியைத் தொட்டாள். அட்டை இல்லை. கீழே தேடினாள். பாயைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி ஆணியைத் தொட்டாள். நான் பாடிக்கொண்டே இருக்கிறேன். அவள் திரும்பி என் எதிரில் வந்து நின்று, என் வாய்க்கு நேராக உள்ளங்கையை நீட்டி, "போதும்" என்றாள்.

ஆமாம் ஸ்நேகா. வாயால். மூன்று எழுத்தும் தெளிவாக.

சின்னப்பொண்ணு கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே போட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷம் தாங்காமல் இன்னும் சத்தமாகப் பாடினேன். நம் ஊர்க்காரன் புத்தி எங்கே போகும்? இளமதிக்குக் கோபம் வந்துவிட்டது. "போதும்!" என்று காலைத் தட்டிக் கத்தினாள். ஹெட்மாஸ்டர் அறைவரை கேட்டதாம். எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். அவள் யாரையும் கண்டுகொள்ளவில்லை, பாயில் போய்க் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். என்னை இதற்கு முன்னால் யாரும் இப்படித் திட்டிச் சந்தோஷப்படுத்தியது கிடையாது.

போன் செய்ததும் காயத்ரி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வயலோரமாக ஓடிவந்தாள். கையில் ஒரு தூக்கு, அதில் கேசரி. எவ்வளவு நேரத்தில் கிளறினாள் என்று தெரியவில்லை, பாதி ரவை வேகவே இல்லை. "கண்ணு, அம்மாகிட்ட ஒரு வாட்டி சொல்லு, கண்ணு" என்று கெஞ்சுகிறாள். அந்தப் பெண் எங்கே சொல்லும்? கேசரியைத் தின்றது. காயத்ரி அழுதுகொண்டே இன்னும் ஒரு கரண்டி போட்டாள், இன்னும் ஒன்று போட்டாள். மூன்றாவது கரண்டிக்கு இளமதி தட்டை மூடி, "போதும்" என்றாள். காயத்ரியின் கை அப்படியே நின்றது. கரண்டியிலிருந்த கேசரி மறுபடி தூக்குக்கே போயிற்று. "டீச்சர் இதுக்குத்தான என்னோட சண்ட போட்டாங்க, சார்" என்று சொல்லித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்தச் செய்தி உன்னுடையது. நான் வெறும் கெட்ட பாட்டுக்காரன். மூன்று வருஷப் பொரியும் உன்னுடையது. அட்டை அங்கே இருந்திருந்தால் அவள் அதை எடுத்து என் மூஞ்சியில் நீட்டியிருப்பாள், வாயைத் திறந்திருக்கமாட்டாள் என்று சின்னப்பொண்ணு சொல்கிறாள். அதற்காக நீ பக்கத்தில் இல்லாததே நல்லது என்று நினைத்துக்கொள்ளாதே. நீ அங்கே இருந்து அதைக் காதால் கேட்டிருக்கவேண்டும்.

ஷிப்டுக்குப் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். நீ என்னிடம் எத்தனை தடவை போதும் என்று சொல்லியிருக்கிறாய்? ஜூலையில் ஒருநாள் சாப்பிடும்போது "போதும்ப்பா, என்னால முடியல" என்றாய். நான் குழம்புச் சட்டியை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். குழம்பைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். அப்புறமும் சொன்னாய், இந்த வருஷம் மட்டும் சமாளி என்று நான் இன்னும் ஒரு கரண்டி போட்டேன். காயத்ரிக்காவது நீ இருந்தாய் சொல்லிக்கொடுக்க. என்னை மன்னித்துவிடு, ஸ்நேகா.

அதனால் இருபத்தெட்டாம் தேதி உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் கவரை நிச்சயம் கொடுத்துவிடுவேன். ஏன் என்று கேட்கமாட்டேன். போதும் என்றால் போதும்தான்.

இன்னொன்று. இன்று காலை உன் மேசைக்குப் பக்கத்தில், உன் தோள் உயரத்தில், புதிதாக ஓர் ஆணி அடித்துவிட்டு வந்தேன். பிள்ளைகளுக்கு எட்டாது. அது டீச்சருக்கு. அந்தச் சுவரில் எல்லாருக்கும் ஆணி இருந்தது, உனக்குத்தான் இல்லை. நீ வராவிட்டால் பரவாயில்லை, அடுத்து வருகிற டீச்சருக்கு ஆகும். இப்போதைக்கு அது சும்மா இருக்கிறது.

நன்றாகத் தூங்கு. அக்கா அதிகம் பரிமாறினால் உள்ளங்கையைக் காட்டு. தேவன் உன் தோளில் இருக்கும் பாரத்தை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கட்டும்.

உன்
இம்மானுவேல்

பள்ளிப்பட்டு,
23 நவம்பர், ஞாயிறு.

அன்புள்ள இம்மானுவேலுக்கு,

பிழை நான்குதான். தேறிவிட்டீர்கள். சுழித்து அனுப்பலாம் என்று பார்த்தேன், இந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. அக்காவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவையும் இளமதி வருகிற இடத்தில் நான் நிறுத்தவேண்டியதாகிவிட்டது. மாமா மூன்றாவது தடவை கேட்டார். நேற்று அக்கா இட்லி வைக்க வந்தபோது கையைக் காட்டினேன், நிறுத்திவிட்டாள்.

பைபிளுக்குள் இருப்பதைக் கொடுக்க வேண்டாம். இத்துடன் வேறொன்று வைத்திருக்கிறேன், இருபத்தெட்டாம் தேதி அதைக் கொடுங்கள். மையமும் இரண்டு பள்ளியும் மட்டும்தான் என்னால் பார்க்க முடியும், மற்றவற்றுக்கு வேறு ஆள் போடுங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் போன் எடுக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். முடியாது என்று அவர்கள் சொன்னால், பழைய கவர் எங்கேயும் போய்விடவில்லை. இதுவும் போதும்தான். சின்னப் போதும். எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டியது.

டிசம்பர் பத்துவரை நான் பாயில்தான் இருப்பேன். கூப்பிடாதீர்கள். ஜெரால்டிடம் மட்டும் லேட்டுதான், கேன்சல் இல்லை என்று சொல்லிவைக்கலாம். பாட்டை விட்டுவிடாதீர்கள், இளமதிக்கு இன்னும் நிறைய வார்த்தை வரவேண்டியிருக்கிறது.

ஆணியை இரண்டு விரல் கீழே இறக்கி அடியுங்கள். என் தோள் உயரம் உங்களுக்குத் தெரியவில்லை.

உங்கள்
ஸ்நேகா