மூன்றாவது வட்டு

ஜூன் 3, திங்கள். கோபான், எலும்பு ஆய்வகம்

சேமிப்புக் கணினியில் எட்டு வட்டுகளில் ஒன்று செத்துவிட்டது. எட்டையும் மென்பொருள் ஒரே தொகுப்பாகக் கட்டி வைத்திருக்கிறது. எந்த இரண்டு போனாலும் மிச்சத்திலிருந்து கணக்குப் போட்டு எடுத்துவிடும். மூன்று போனால் முடியாது.

இயக்குநர் தோஞா அம்பாரோவிடம் சொன்னேன்.

"அப்ப இன்னும் ரெண்டு போனாத்தானே ஆபத்து? ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

எட்டும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. ஒரே வயது. ஒன்றுக்கு வந்தது மற்றதுக்கு வராதா?

ஜூன் 4

புது வட்டைப் போடுமுன் முக்கியமானவற்றை வெளியே நகலெடுக்கிறேன் என்றேன். காப்பு நகல் வைக்கும் கணினி பழுதாகி மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மூலையில் கிடக்கிறது. உள்நாட்டுப் போரில் காணாமல்போனவர்களின் புதைகுழிகளில் எடுத்த எலும்புகள், உறவினர்களின் உமிழ்நீர் ஆகியவற்றின் மரபணுப் பதிவுகள், இரண்டையும் ஒப்பிட்ட முடிவுகள் எல்லாம் இந்த ஒரு தொகுப்பில்தான்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை எலும்புகள வாங்கக் குடும்பங்க வருது நிடியா. வேலைய நிறுத்த முடியாது. மாட்டிடு."

மாட்டினேன். புதியதை நிரப்ப மற்ற ஏழு வட்டுகளையும் முழுக்கப் படித்தாக வேண்டும். அறை சூடாகிவிட்டது.

ஜூன் 5

இரண்டாவதும் போயிற்று. நிரப்புதல் பாதியில். நிறுத்தவா, தொடரவா? நிறுத்தவில்லை.

ஜூன் 6

மூன்றாவது வட்டு படிப்புப் பிழை காட்டியது. மென்பொருள் அதையும் வெளியே தள்ளிவிட்டது. எல்லாம் நின்றுவிட்டது.

உதவியாளன் ஃப்ரெடி விசைப்பலகையை இழுத்தான். "புதுசா தொகுப்பு உருவாக்குன்னு குடுத்தா சரியாயிடும். நெட்ல போட்டிருக்கான்."

"கைய எடு."

"நான் உதவிதான—"

"கைய எடுடா. ஒரு எழுத்து மாறிப்போனா நிஜமாவே எல்லாம் போயிடும்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. பாவம்.

ஜூன் 9, ஞாயிறு

மூன்றாவது வட்டு முழுதாகச் சாகவில்லை. அதை வேறொரு வட்டுக்குத் துளித்துளியாகப் பிரதியெடுக்கிறேன். சில இடங்களைப் படிக்கவே மறுக்கிறது. தோஞா அம்பாரோ பீன்ஸும் தோர்த்தியா ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 11

பிரதியைச் சேர்த்து வலுக்கட்டாயமாகத் தொகுப்பை எழுப்பினேன். எழுந்தது! ஃப்ரெடி என்னைக் கட்டிக்கொண்டான்.

பிறகு கோப்புகளைச் சோதித்தேன். படிக்க மறுத்த இடங்களில் ஓட்டை. ஒரு பதிவு மொத்தமாகப் போய்விட்டது. அன்செல்மோ சுப் என்பவரின் உமிழ்நீர்ப் பதிவு. காணாமல்போன மகனைத் தேடி வந்தவர். ஜனவரியில் இறந்துவிட்டார். மாதிரியும் தீர்ந்துவிட்டது.

ஜூன் 13

எந்த எலும்பு அவர் மகனுடையது என்று எங்களுக்குத் தெரியும். போன மாதமே பொருந்தியது. நீதிமன்றம் பதிவில்லாமல் ஒப்புக்கொள்ளாது. அன்செல்மோவின் மருமகள் மார்த்தாவை வரவழைத்துச் சொன்னேன்.

"எனக்கு எதுக்குப் பதிவு? அவரு முன்பல்லு ஓரமா உடைஞ்சிருக்கும். காட்டு, சொல்றேன்."

"அது போதாதும்மா. ரத்த உறவு வேணும். உங்களுக்குப் பிள்ளைகளும்—"

"இல்ல."

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மாமனாரோட எலும்பு ஆகுமா?"

ஆகும் என்று சொன்னேன்.

"அப்ப புள்ளையக் குடுக்க அப்பனத் தோண்டணும்."

ஜூன் 15, சனி

பதினோரு குடும்பங்கள் தங்களவர்களின் எலும்புகளைப் பெற்றுக்கொண்டு போயின. மார்த்தாவும் வந்திருந்தாள். கடைசிவரை நின்றாள்.

ஜூன் 24

தோண்டுவதற்கான சம்மதப் படிவத்தில் மார்த்தா கைநாட்டு வைத்தாள். மண்வெட்டிகளை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அன்செல்மோவின் கல்லறையில் இன்னும் புல் முளைக்கவில்லை என்கிறான் ஃப்ரெடி.