பிரேஸ் எந்தக் காலில்?

8.7. செவ்வாய்
புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போனது. ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானம், பெண்கள் கபடிப் பயிற்சி. பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போனேன். ஞாயிறு தேர்வு ஆட்டம். தேறினால் அரசுத் துறை அணியில் இடம், கூடவே வேலை. எல்லோர் கண்ணும் ஸ்டெல்லா மேல். நல்ல ரெய்டர். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். வலது முழங்காலில் கீல் வைத்த பிரேஸ். முட்டி பின்பக்கமாகப் போய்விடாமல் தடுப்பதற்கு.

வீட்டுக்கு வந்து அவளுடைய பழைய போட்டோ ஒன்றைப் பார்த்தேன். அதில் பிரேஸ் இடது காலில்.

9.7. புதன்
கோச் த.விடம் கேட்டேன். மாற்றி மாற்றிப் போடுவாள் என்றார். பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது. நம்பவில்லை. கேலரிப் படி இறங்கும்போது பார்த்தேன்: இடது காலைத்தான் பார்த்துப் பார்த்து வைக்கிறாள்.

கரண்ட் பில் கட்ட மறந்தாயிற்று.

10.7. வியாழன்
தண்ணீர்க் குழாயடியில் அவளையே கேட்டேன். சுற்றிலும் மற்ற பெண்கள். மறைக்கவில்லை.

"பிரேஸ் போட்ட காலுதான் வீக்குன்னு நெனச்சுக்கினு அத்தையே புடிப்பாங்க சார். புடிக்கட்டும். அது நல்ல காலு."

பக்கத்தில் ஒருத்தி: "கேடி மாமே இவ."

டாக்டர் கொடுத்தது இடது காலுக்கு. அதுதான் இப்போது பிரேஸ் இல்லாமல் ஓடுகிறது. ஞாயிறு வரைக்கும்தானே என்கிறாள். யோசனை அவளுடையதா, த.வினுடையதா? அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பேப்பரில் எழுதினால் அவள் வேலை போச்சு. எழுதவில்லை.

13.7. ஞாயிறு
அம்பத்தூர். காலையிலேயே வெயில். எதிரணி கோச் வலிய வந்து டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பொண்ணுக்கு எந்தக் கால்ல அடி அண்ணாத்தே என்றார், கிளாஸைப் பார்த்துக்கொண்டே. தெரியாது என்றேன். சிரித்தார்.

இரண்டாம் பாதி. ஸ்டெல்லா தொட்டுவிட்டுத் திரும்புகிறாள். எதிரணியில் மூலையில் நின்ற கார்னர்காரி பிரேஸ் போட்ட காலை விட்டுவிட்டு இடது கணுக்காலில் பாய்ந்தாள். இன்னொருத்தி முன்னாலிருந்து தொடையில் மோதினாள். முட்டி பின்பக்கமாகப் போனது. சத்தம் இங்கே வரை கேட்டது.

யார் சொன்னது என்று த. ஒவ்வொரு பெண்ணாகக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

ஐஸ் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் போய் நின்றேன். கண்ணைத் திறந்தாள்.

"டீ நல்லா இருந்துச்சா சார்?"