கழுவிய காப்பிக்கொட்டை

செப்டம்பர் 14, ஞாயிறு

மாடி அறையில் குடியிருக்கும் ஆரிஃப் அண்ணன் இந்தோனேசியாக்காரர். கார் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வந்தவர். சுமத்ரா மலையில் அவருடைய அக்கா ரத்னா விளைவித்த பச்சைக் காப்பிக்கொட்டையை அம்மாவின் டீக்கடைக்கென்று கொடுத்தார். அது நீலம் பாய்ந்த பச்சை நிறம். பூசணம் என்று நினைத்து, அம்மா அரிசி களைவதுபோல மூன்று தண்ணீரில் கழுவி மொட்டைமாடியில் காயவைத்தாள். கழுவக் கூடாது என்று நூலகப் புத்தகத்தில் நான் படித்தது மறுநாள்தான்.

இன்று மதியம் ரத்னா அக்கா வீடியோவில் வந்து ருசி எப்படி என்று கேட்டார். தெரிந்தால் இனி அனுப்பவே மாட்டாரோ என்று பயம். ஆனாலும் கழுவியதைச் சொல்லிவிட்டேன். ஆரிஃப் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

"இன்னாவாம், திட்றாங்களா?" என்றாள் அம்மா.

ரத்னா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே மழை தினமும் கழுவுகிறதாம், அம்மா ஒரு நாள்தானே கழுவினார் என்றார். சொல்லும்போதே அவர் கொட்டை காயவைத்திருந்த களத்தில் தூறல் விழுந்தது. அம்மா போனைப் பிடுங்கினாள்.

"நனையுது பாரு. தார்ப்பாய இழும்மா. அந்த மூலைய இழு."

யாரும் மொழிபெயர்க்கவில்லை. ரத்னா அக்கா சரியாக அந்த மூலையைத்தான் இழுத்தார். பிறகு முகத்தைத் துடைத்தபடி வந்து, அடுத்த அறுவடையில் ஐந்து கிலோ அம்மாவுக்கு என்றார்.

"கழுவாம வறுக்கிறேன்னு சொல்லுடி."

அந்தக் கொட்டையை வறுத்து, சிக்கரி சேர்க்காமல் போட்ட காப்பியை நான் குடித்த டம்ளர் மேசையில் இருக்கிறது. கிராம்பு போடாமலே இன்னும் கிராம்பு வாசம். அதையும் கழுவாமல் படுக்கப்போகிறேன்.