கணவாய் மை வைத்த கால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நீ நல்லா இருக்கேன்னு தெரியும், வீடியோவுல முகம் தெளிச்சியா இருந்துச்சு. இங்க நாங்களும் நலம்னு எழுதத்தான் கை வர மாட்டேங்குது.

போன்ல கூப்பிட்டா மீட்டிங்ல இருக்கேன்னு வச்சிடுவே, நானும் அழுதுடுவேன், அதான் எழுதுறேன், தம்பி இந்தக் கடுதாசியைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். ஐஸ் ஃபாக்டரியில அப்பா கால்ல ஆணி குத்தினது உனக்குத் தெரியும். சர்க்கரை இருக்கு, ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னேன், கேட்டாரா மனுஷன்? கணவாய் மீனோட மையில இருக்கிற கறுப்பு நிறமி புண்ணுல வர்ற கிருமியைக் கொல்லுதுன்னு நீ மேடையில பேசினியே, அதை நாப்பது தடவை பார்த்துட்டு, என் பொண்ணே கண்டுபிடிச்சிருக்கா, எனக்கு எதுக்கு வேற டாக்டர்னு ஒரே பிடிவாதம். இதெல்லாம் கண்ணாடித் தட்டுல செஞ்சு பார்த்ததுதான், மனுஷங்களுக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும்னு நீ கடைசியில சொல்றே பாரு, அந்த இடம் வர்றதுக்குள்ள அவர் வீடியோவை மறுபடியும் முதல்ல இருந்து போட்டுடுவார்.

அவரை மட்டும் சொல்லி என்ன, கொண்டுவந்து கொடுத்தவ நான்தானே. நான் வேலை பார்க்கிற மீன் கம்பெனியில கணவாய் கழுவும்போது மைப்பை உடையாம எடுத்து, டிபன் டப்பாவுல வச்சு, பன்னெண்டு நாள். இருபது வருஷமா சாக்கடையில ஊத்தின மைக்கு என் பொண்ணால மதிப்பு வந்துடுச்சுன்னு பூரிச்சுப்போய் என் கையாலேயே தடவினேன். மேல மை கறுப்பா இருந்ததுல அடியில கால் கறுத்தது தெரியலை. வயிறு எரியுதுடி. அந்தப் பன்னெண்டு நாள்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கால் எப்படிப்பா இருக்குன்னு நீ கேட்டியா? கேட்டிருந்தா அவரே பெருமையா சொல்லியிருப்பார், நீயும் திட்டித் தடுத்திருப்பே.

இப்ப ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாகணும், நாளைக்குள்ள எடுக்கலேன்னா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். இன்னும் ரெண்டு நாள் மை வச்சா சரியாயிடும், வேணும்னா என் பொண்ணைக் கேளுங்கன்னு நர்ஸ்கிட்ட உன் வீடியோவைக் காட்டுறார். நாங்க சொன்னா உங்களுக்கு என்ன தெரியும்ங்கிறார். அதனால நீ கூப்பிடு. ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்குன்னு மட்டும் இழுக்காதே, அதையும் நல்ல சேதின்னு எடுத்துக்குவார். அது மருந்து இல்லைப்பா, கையெழுத்துப் போடுங்கன்னு உன் வாயால சொல்லு.

நீ நல்லா இரு, உன் ஆராய்ச்சியும் நல்லா வரட்டும், பெத்த பிள்ளையைச் சபிக்கிற அளவுக்கு நான் கெட்டவ இல்லை. மறந்துடாதே, படிச்சதும் கூப்பிடு. போனை நெஞ்சு மேலேயே வச்சுக்கிட்டுப் படுத்திருக்கார், நீ பாராட்டப் போறேன்னு நினைச்சுக்கிட்டு.

இப்படிக்கு,
அம்மா