செத்தவள் ஊஞ்சலாடிய கதை

வெள்ளிக்கிழமை மகாசபையின் பட்டத்து ராணி, என் ராஜம்மா அக்காவுக்கு,

உன் தம்பி கோவிந்தன் எழுதுகிறேன். ரகசியம் ஒன்றும் இல்லை. தெருவே கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் எழுதுகிறேன். முதலில் முக்கியமான செய்தி: மீசை இருக்கிறது. ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் நின்றால் ஜனங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிற அதே மீசை, ஒரு மயிர் குறையாமல் இருக்கிறது. இன்றைய நிலவரம் அதுதான். வருகிற வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்பதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன்.

அந்த மீசையை என்னைக் கேட்காமலே பந்தயம் வைத்தவள் நீ என்பதை இந்த நேரத்தில் சபைக்கு நினைவூட்டுகிறேன். போன பொங்கலுக்கு உன் மகள் கமலாவின் மாமியார், அந்த வேலூர் சம்பந்தியம்மா, நம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாரே: “ஆம்பூர்க்காரங்களுக்குத் தோலை உரிக்கத் தெரியும், பொஸ்தகத்தப் பிரிக்கத் தெரியுமா?”

நீ கரண்டியைக் கீழே வைத்தாய். “மாசத்துக்கு ஒரு ராஜா ராணி நாவல். அடுத்த பொங்கல் வரைக்கும். கூட்டமா உக்காந்து படிக்கிறோம். ஒண்ணு கொறைஞ்சாலும் எங்க கோவிந்தன் மீசைய எடுத்துடறேன்.”

“என் மீசையா!” என்று நான் அலறிய அலறல் நாட்றம்பள்ளி வரை கேட்டு, அங்கே மாடுகள் கட்டறுத்துக்கொண்டு ஓடியதாகப் பிற்பாடு தகவல் வந்தது. நீ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்படித்தான் நம் மகாசபை பிறந்தது. நீ, நான், பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சரம்மா, அடுத்த வீட்டு ரஹமத் பீ. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக, நான் தோல் பதனிடும் கிடங்குக்கும் விடுமுறை என்பதால் அன்று மத்தியானம் கூடுவோம். ரஹமத் பீ இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவுப் படியில் உட்கார்ந்து கொள்வாள். நீ வாசிப்பாய். நாங்கள் கேட்போம். சபைக்கு இருந்த ஒரே சட்டம், யாரும் அடுத்த பக்கத்தை முன்னால் பார்க்கக் கூடாது.

நீ வாசித்தால் குதிரை வருமே, அக்கா! ஒரு தடவை நான் பயந்துபோய்க் காலை மடக்கிக்கொண்டேன். குளம்படி பட்டுவிடும் என்று.

ஆடி மாதத்துப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? வேலூரிலிருந்து ரயிலில் வரும்போதே நூல் அறுந்து, மடித்துத் தைத்த பக்கங்கள் கட்டுக்கட்டாகக் கழன்றுவிட்டன. “நான் தைக்கிறேன்” என்று மார்தட்டினேன். கிடங்கு ஊசி, மெழுகு நூல், ஆட்டுத்தோல் அட்டை. அது புத்தகமா, சிம்மாசனம்! அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன டீச்சரம்மா பின்னால் அந்த வாசனைக்குத் தெருநாய்கள் ஊர்வலம் போனதை விடு. வேடிக்கை உள்ளே இருந்தது.

ஊறவைத்த தோலை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றும்போது அடுக்கு தலைகீழாகும். மேலே இருந்தது அடியில் போகும், அடியில் இருந்தது மேலே வரும். என் கைக்குத் தெரிந்த அடுக்கு அது ஒன்றுதான். படம் போட்ட முதல் கட்டை மட்டும் முதலில் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் அதே மாதிரி புரட்டி அடுக்கித் தைத்துவிட்டேன்.

இரண்டாம் வெள்ளியே இளவரசி செத்துப்போனாள். சந்தனக் கட்டை அடுக்கித் தீ வைத்தார்கள். ரஹமத் பீ முந்தானையை நனைத்துவிட்டாள். அதற்கடுத்த வெள்ளி ராஜா தோற்றார், அதற்கடுத்த வெள்ளி போருக்குப் புறப்பட்டார். கடைசி வெள்ளியன்று அந்த இளவரசி நந்தவனத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து இளவரசனைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னாக்கா இது, செத்தவ ஊஞ்சல் ஆடிக்கினு கீறா?” என்றாள் ரஹமத் பீ.

“உயிர்த்தெழுந்துட்டாளோ என்னமோ” என்றார் டீச்சரம்மா. அவருக்கு அதில் பழக்கம் உண்டு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தை உன் கையிலிருந்து வாங்கிப் பக்க எண்ணைப் பார்த்தேன். நீ முதலிலேயே பார்த்திருக்கிறாய்! வாக்கியம் பாதியில் அறுந்த இடத்திலெல்லாம் உன் சொந்தச் சரக்கைப் போட்டு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறாய். “ஏங்க்கா சொல்லல?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும்டா. செத்தவ கடைசில ஊஞ்சல்ல உக்காந்துகினு இருந்தா யாருக்கு இன்னா நஷ்டம்?”

யாருக்கு என்ன நஷ்டம்? அன்றைக்குச் சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனோம். இப்போது ஏன் அந்த வார்த்தை சோற்றில் கல் மாதிரி கடிபடுகிறது?

ஐப்பசி மழையில் உனக்கு ஜுரம் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டும்போதுகூட, “அந்தப் பையன் சொரங்கத்துல மாட்டிக்கினு கீறான், வந்து இழுத்து வுடறேன்” என்றாய். நீ வரவில்லை. இளவரசன் தீப்பந்தம் அணைந்து சுரங்கப்பாதையில் நடுவழியில் நின்றான். அந்தப் பக்கத்தில் உன் கொண்டை ஊசி.

காரியம் முடிந்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தோம். யாரும் புத்தகத்தைத் தொடவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. அப்போதுதான் கமலா வந்தாள். அவள் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாராம்: துக்க வீடு, பந்தயத்தை விட்டுவிடலாம், மாமா மீசையை வைத்துக்கொள்ளட்டும்.

வைத்துக்கொள்ளட்டுமா! பிச்சை போட்ட மீசையைச் சுமந்துகொண்டு நான் எப்படி வெளியே நடமாடுவது? “சவரக்காரனை வேணும்னா கூட்டியாரச் சொல்லு, இந்தச் சலுகை வேணாம்” என்றேன். கமலா அழுதுகொண்டே சிரித்தாள். அப்படியே உன் சிரிப்பு. அதையும் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

அன்றே உன் கொண்டை ஊசியை எடுத்து வைத்துவிட்டு இளவரசனை வெளியே இழுத்தோம். வாரங்கள் கையைவிட்டுப் போயிருந்ததால் செவ்வாய்க்கிழமையும் கூடினோம். டீச்சரம்மா காதல் கட்டத்தையும் ஆஜர் எடுப்பது போலத்தான் வாசிக்கிறார். போர்க்களம் என் பொறுப்பு. நான் வாசித்த முற்றுகையில் ஆம்பூர்க் கோட்டையே இடிந்திருக்க வேண்டியது, உனக்காகக் கொஞ்சம் அடக்கி வாசித்தேன். ரஹமத் பீக்குத் தமிழ் எழுத்து வராது. ஆனால் போன வாரத்துக் கதையை அவள்தான் சொல்லி ஆரம்பித்து வைக்கிறாள். அதில் ஆசிரியர் எழுதாத பாத்திரங்களெல்லாம் வருகிறார்கள். எங்களுக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

இப்போது கையில் இருப்பது கடைசிப் புத்தகம். அதில் ஒரே ஒரு கட்டுதான் பாக்கி. போன செவ்வாயன்று இளவரசி விஷக்கிண்ணத்தைக் கையில் எடுத்த இடத்தில் கட்டு முடிந்தது. டீச்சரம்மா சட்டத்தை மீறி அடுத்த பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

ரஹமத் பீதான் பேசினாள். “அண்ணே, அவ சாவட்டும். நான் வேணான்னு சொல்லல. ஆனா அதோட பொஸ்தகத்த மூடாதீங்க. ஊசிய எடுங்க.”

டீச்சரம்மாவைப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழையைக்கூடப் பொறுக்காத மனுஷி. “ரெண்டாவது கட்டுல அவ நந்தவனத்துல ஊஞ்சல் ஆடுறாளே, அதைக் கடைசில வெச்சுத் தைங்க. நான் வாசிக்கிறேன்” என்றார்.

நேற்று உட்கார்ந்து பிரித்தேன் அக்கா. முன்பு அது கையின் பழக்கம். இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, தெரிந்தே மாற்றி வைத்துத் தைத்தேன். நூல் முடிச்சுக்குப் பல் வேண்டியிருந்தது. கண் கலங்கியது மெழுகுப் புகையால்தான். அந்த வாக்குமூலத்தை நீ நம்ப வேண்டும்.

பொங்கல் கெடு முடிகிற வெள்ளிக்கிழமை காலை ரயிலில் சம்பந்தியம்மா வருகிறார். கடைசிப் பகுதியை அவர் முன்னால் வாசிக்க வேண்டும், பந்தயம் முடிந்ததா என்று அவரே தீர்ப்புச் சொல்லப் போகிறார். கையில் புத்தகத்தை வாங்கிப் பார்க்கிற ஆள் அவர். எண் தாறுமாறாக இருப்பது கண்ணில் படாமல் போகாது. இது செல்லாது என்று சொன்னாலும் சொல்லலாம். சொன்னால் சவரக்காரன் முன்னால் உட்காரத் தயார், நாற்காலிகூடத் துடைத்து வைத்துவிட்டேன்.

ஆனால் கட்டு வரிசையை மட்டும் திரும்ப மாற்ற மாட்டேன். இது உனக்கு என் சத்தியம். இனி எத்தனை பொங்கல் வந்தாலும், இந்த முற்றத்தில் எந்தப் புத்தகம் திறந்தாலும், கடைசிப் பக்கத்தில் யாரையும் சாகவிட மாட்டேன். செத்தவள் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் அவளைப் பார்த்துக்கொண்டே எழுந்து காப்பி குடிக்கப் போவோம். சம்பந்தியம்மா எண்ணைக் காட்டிக் கேட்டால் சொல்லிவிடுகிறேன்: “ஆம்பூர்ல கதை இப்படித்தாங்க முடியும்.”

இப்படிக்கு,
நீ கேட்காமல் பந்தயம் வைத்த மீசையை நீ கேட்டால் இப்போதே தரக்கூடிய
உன் தம்பி, உன் கமலாவின் தாய்மாமன்,
கோவிந்தன்