சாவு வீட்டில் சீப்பெடுத்தேன்

என் அம்மாவே, சேமியாவுக்கும் அம்மாவே,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. அதனால் நம் வீட்டுச் செய்தியை நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் காரியம் முடிவதற்கு முன்பே நான் இந்த வீட்டில் சீப்பைக் கையில் எடுத்துவிட்டேன். எனக்கு வாரிக்கொள்ள இல்லை, உன் பூனைக்கு வார. அத்தை இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

சேமியாவை நீ எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று இங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரர்கள் மாற்றலாகிப் போகும்போது வாசலில் விட்டுப்போன பெர்ஷியன் பூனை. நூல் நூலாய்த் தொங்கிய முடியைப் பார்த்து நீதான் சேமியா என்று பெயர் வைத்தாய். அப்பா ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்று நாம் கோவில்பதாகை ஃபிளாட்டுக்குக் குடிவந்த அன்று, லாரியின் முன்சீட்டில் உன் மடியில் உட்கார்ந்து வந்தவள் அவள். "இவ என் சின்ன மக" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாய்.

காலையில் காபி குடித்த கையோடு அவளை மடியில் போட்டுக்கொள்வாய். முதலில் பெரிய பல் சீப்பு, அப்புறம் உன் மரப் பேன் சீப்பு. "முடி சீப்புல வரணும்டி. இல்லன்னா நக்கி நக்கி வயித்துக்குள்ள போய் உருண்டையா நின்னுடும்" என்பாய். வந்த முடியை உன் முடியைப் போலவே விரலில் சுற்றி உருட்டுவாய். சேர்த்து வைத்தால் சவுரி கட்டலாம் என்று சிரிப்பாய்.

நீ போன அன்று பூந்தமல்லியிலிருந்து வந்த அத்தை, வீட்டிலிருந்த சீப்புகளையெல்லாம் ஒரு பையில் போட்டு முடிந்து பரணில் ஏற்றிவிட்டாள். உன் பேன் சீப்பும் அதில் போயிற்று. "காரியம் முடியறவரிக்கும் இந்த ஊட்ல யாரும் தலைல சீப்பு வைக்கக்கூடாது" என்றாள். தீட்டு என்றால் அப்படித்தான், தெரியும். நானும் முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டேன். சேமியாவுக்குக் கொண்டை போடத் தெரியாதே.

அவள் உன் கட்டிலில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தன்னையே நக்கிக்கொண்டிருந்தாள். வெயில் காலம் வேறு, முடி கொட்டும் நேரம். பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு கக்க ஆரம்பித்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. அதற்கப்புறம் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாலை போட்ட உன் படத்துக்குக் கீழே தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள்.

வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். கீழ்வீட்டுத் திருநெல்வேலி அக்கா, "வாயில்லா சீவன், எப்படி ஏங்கிப் போச்சு பாத்தியளா" என்று படம் எடுத்து ஃபிளாட் வாட்ஸாப் குழுவில் போட்டார். ஆளாளுக்குக் கண்ணீர் பொம்மை அனுப்பினார்கள். ஒருவராவது குனிந்து அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்களா? அத்தை கைகூப்பாத குறையாக, "அத வுட்ருடி. அவ போன எடத்துக்கே போவணும்னு கீது. புண்ணியம் பண்ண பூனை" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன் அம்மா. நீ சோற்றை ஒதுக்க ஆரம்பித்தபோது கேட்டது. செவ்வாய் விரதம் என்றாய், வெள்ளி என்றாய், பிறகு சஷ்டி, பிரதோஷம். "அவ பக்தி யாருக்கு வரும்" என்று இதே அத்தை பூரித்துப்போனாள். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறிவிட்டிருந்தது. வலிக்கிறது என்று ஏன் அம்மா வாய்திறந்து சொல்லவில்லை? சொல்லியிருந்தால்தான் இந்த வீடு கேட்டிருக்குமா?

நாற்காலியைப் போட்டு ஏறிப் பரணிலிருந்த பையை இறக்கினேன். அத்தை ஓடி வந்தாள்.

"இன்னாடி பண்ற? சாவு ஊட்ல சீப்ப எடுத்தா இன்னொரு சாவு வரும்டி!"

"எடுக்கலன்னாதான் அத்தை வரும். அதோ படுத்திருக்கு பாருங்க."

கூடத்தின் நடுவில், எல்லோர் முன்னாலும் சேமியாவை மடியில் போட்டுக்கொண்டு சீவினேன். கத்தை கத்தையாக வந்தது. அத்தை விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வந்து வாயைப் பிளந்து ஊற்றலாம் என்றாள். அதையும் பிடுங்கி வைத்தேன். தீட்டு வீட்டுக்காரர்கள் படி இறங்கக்கூடாது என்று இன்னொரு குரல். அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். உன் ஒயர் கூடையை எடுத்து வந்து, "நான் வண்டி எடுக்கறேன், வா" என்றார்.

ஆவடியில் கால்நடை டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, ட்ரிப்ஸ் ஏற்றினார். நீ போன துக்கமாக இருக்குமோ என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "துக்கமும் இருக்கும் சார். ஆனா இப்ப உள்ள அடைச்சிக்கிட்டு நிக்கறது முடி. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா வயித்தத் தொறக்க வேண்டியிருந்திருக்கும்" என்றார். எண்ணெயை ஊற்றியிருந்தால் நுரையீரலுக்குள் போயிருக்குமாம்.

மறுநாள் காலை, வந்திருந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சேமியா கூடத்தில் நின்று கக்கினாள். விரல் நீளத்துக்கு, நனைந்த திரி மாதிரி ஒன்று வந்து விழுந்தது. துடைக்கக் குனிந்தேன். அதற்குள் நீளமாக ஒரு நரைமுடி சுற்றிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் உன் தலையணையில் படுத்து உன் தலையை நக்குவாளே, அந்த முடி.

"பாத்தியா, அவளே வந்துகீறா! மஞ்சத்துணில முடிஞ்சி சாமி ரூம்ல வைடி" என்று அத்தை அழுதாள். எனக்கும் அதைத் துணியில் முடியத் தோன்றியது அம்மா, மறைக்க மாட்டேன். உன்னுடைய முடி அல்லவா. ஆனாலும் ஓர் உயிரைக் கொல்லப் பார்த்ததை நான் கும்பிட மாட்டேன். குப்பைக் கூடையில் போட்டுக் கையைக் கழுவினேன். நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

இப்போது சேமியா நன்றாக இருக்கிறாள். முடி வெளியேற டாக்டர் கொடுத்த பசையை என் விரலிலிருந்து நக்கித் தின்கிறாள். உலர்ந்த தீனியைக் குறைத்து ஈரத்தீனி கொடுக்கிறேன், அறைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறேன். பால்கனித் தொட்டியில் அருகம்புல் வளர்கிறது. பிள்ளையாருக்குப் போக மீதி அவளுக்கு என்று பேச்சு, நடப்பது தலைகீழ்.

போன வாரம் அப்பா இட்லித் தட்டைத் தள்ளிவைத்து, "இன்னிக்கு கிருத்திகை, வேணாம்" என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்து அழுத்தி, "இங்க வலிக்குதா?" என்று கேட்டேன். கூச்சப்பட்டு நெளிந்தார். பிறகு, "வலியெல்லாம் இல்லம்மா. உங்கம்மா சட்னி இல்லாம எறங்கல" என்றார். இருவரும் அழுதோம். அழுதுவிட்டுச் சாப்பிட்டோம்.

உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். உன் திதி அன்றும் கூடத்தில் உட்கார்ந்தே சேமியாவுக்குச் சீவுவேன், அத்தை வந்திருந்தாலும் சரி. இனி இந்த வீட்டில் யார் சோற்றை ஒதுக்கினாலும் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். பக்தியா பாசமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உன் பெரிய மகள்,
சேமியாவின் அக்கா